இடது கண்ணாடி

அக்டோபர் 5, வியாழன்

விடியுமுன் எழுந்து வண்டியைத் துடைத்து, பெட்ரோல் குழாயைத் திறந்து, உதைத்து உதைத்து ஒருவழியாக ஸ்டார்ட் செய்தேன். ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முதல் ஷிப்டுக்கு மனைவி மீனாவைச் சேர்க்க முடியும். திங்களும் வியாழனும் இதே ஓட்டம்தான். அவள் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது.

கண்மாய்க் கரை வளைவில் ஒரு சைக்கிள்காரன் மேல் ஏற்றிவிடப் பார்த்தேன். மீனா தோளில் அடித்து, “இடப்பக்கம் ஆளு, ஆளு!” என்று கத்தினாள். ஒடித்துவிட்டேன். அவன் பின்னாலிருந்து என்னென்னவோ திட்டினான். சைக்கிளில் ஒரு விளக்கு கிடையாது, திட்டுவதற்கு மட்டும் வாய் இருக்கிறது.

என் வண்டி விளக்கும் சரியில்லை. சிம்னி விளக்கு மாதிரி மஞ்சளாக எரிகிறது. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தபோது வாங்கிய வண்டி. ஏணியைக் கட்டிக்கொண்டு இருபது ஊர் சுற்றியிருக்கிறேன். வண்டிக்கும் வயதாகிவிட்டது.

அக்டோபர் 7, சனி

மெக்கானிக் சேவியரிடம் கொண்டு போனேன். “அண்ணே, பல்பு மாத்தி ரெண்டு மாசந்தான் ஆகுது. வெளிச்சம் நல்லாத்தானே அடிக்குது?” என்றான். பகலில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறான். கண்மாய்க் கரை இருட்டில் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

அக்டோபர் 8, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து மகன் லிங்கம் பேசினான். மீனா சைக்கிள்காரன் விஷயத்தை அவனிடம் சொல்லியிருக்கிறாள். “ஏம்ப்பா இன்னும் அந்தப் பழசைக் கட்டி அழுகுறீங்க? லைட்டு பகல் மாதிரி அடிக்கிற வண்டி வந்துருக்கு. பிரேக் புடிச்சா சறுக்காது. நான் வாங்கித் தாரேன், நீங்க போய்ப் பாத்துட்டு மட்டும் வாங்க” என்றான்.

போனை வைத்த பிறகு மீனா வேறு ஒன்று சொன்னாள். அவளோடு டயாலிசிஸ் எடுக்கும் பாத்திமா, பக்கத்து ஊர். தங்கச்சி மகன் ஆட்டோவில் போய் வருகிறாள். “ஆட்டோவுல ஒரு எடம் இருக்காம். ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துருவோம். நீங்க ஏன் அலையணும்?”

“நான் உசுரோட இருக்கையில நீ எதுக்கு அடுத்தவுக வண்டியில போகணும்?” என்று கேட்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 12, வியாழன்

மீனாவுக்கு ரத்தம் சுத்தமாகிற நான்கு மணி நேரமும் எனக்கு வராண்டா பெஞ்சுதான். அவள் நச்சரித்ததற்காக இன்று கீழே கண் பிரிவுக்குப் போனேன். ஒரு மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் காற்றை அடித்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். ரெண்டு கண்ணிலும் பிரஷர் கூடுதல், பக்கப் பார்வையைச் சோதிக்க இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும், அடுத்த வாரம் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள்.

“வண்டி கிண்டி ஓட்டுறீங்களா ஐயா?” என்று கேட்டாள்.

“சைக்கிள்தாம்மா” என்றேன். எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

மீனா கேட்டபோது, வயதுக்குத் தகுந்த கண்தான், சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றேன். கொடுத்திருக்கிறார்கள்தானே.

அக்டோபர் 15, ஞாயிறு

ஷோரூமுக்குப் போனோம். கறுப்பும் சிவப்புமாக நின்றது வண்டி. பட்டனைத் தொட்டால் உறுமுகிறது. விளக்கைப் போட்டுக் காட்டினான் பையன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தின் பொடி எழுத்துக்கூடத் தெரிந்தது. விலையை எழுதினால் எனக்கே நெஞ்சை அடைக்கும்.

மீனாவுக்குப் பிடிக்கவில்லை. பழைய வண்டியில் சீட்டு ஒரே மட்டம், நீளம். ஒருச்சாய்த்து உட்கார்ந்து, ஊசி போடும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் என் இடுப்பைப் பிடித்து, தாடையை என் தோளில் சாய்த்துக்கொள்வாள். புது வண்டியில் பின்சீட்டு தனியாக, உயரத்தில், ஒரு பலகையை முட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது. முக்காலி போட்டு ஏற்றினோம்.

“நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது போலயே” என்றாள்.

“போற வழியில பேசுறதுக்கு என்ன இருக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஆளு வருது, மாடு வருதுன்னு சொல்றதெல்லாம்தான்.”

அதற்குத்தானே இவ்வளவு பெரிய விளக்கு என்று சொன்னேன். பையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. ஆஸ்பத்திரி போய் வந்த பிறகு புது வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி எடுத்தேன். லிங்கம் வீடியோவில் பார்த்தான். முகத்தை முழுக்க மூடுகிற ஹெல்மெட் இரண்டு அவனே சொல்லி வரவழைத்திருக்கிறான். பழைய வண்டியைச் சேவியர் கேட்டான். மீனா கொடுக்கக் கூடாது என்றுவிட்டாள். கொட்டகையில் கிடக்கிறது.

அக்டோபர் 26, வியாழன்

புது வண்டியில் முதல் பயணம். தண்ணீரில் போகிற மாதிரி போகிறது. பக்கங்களில் இருட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் நேரே பார்த்தால் பகல். வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டோம். வாட்ச்மேன் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மீனாவுக்கு இடுப்பு வலி. பழகிவிடும்.

நவம்பர் 9, வியாழன்

மழை. போனோம், வந்தோம்.

நவம்பர் 17, வெள்ளி

வீட்டுக் கேட்டில் வண்டியின் இடப்பக்கம் உரசிக் கோடு விழுந்துவிட்டது. மீனா கேட்டை முழுதாகத் திறக்கவில்லை. கேட்டால், “சுவரோட ஒட்டித்தானே திறந்து வச்சேன்” என்கிறாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டோம். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்ச் செம்பையும் கை தட்டிவிட்டது. டாக்டர் சொன்னபடி அவளுக்கு ஒரு நாளைக்கென்று அளந்து வைத்திருந்த தண்ணீர். மறுபடி ஊற்றிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 30, வியாழன்

சொட்டு மருந்து தீர்ந்து சில வாரம் ஆகிறது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதனால் வாங்கவில்லை. பாத்திமா மறுபடி ஆட்டோ பேச்சை எடுத்தாள். அந்தம்மாவுக்கும் பேச்சுத் துணை வேண்டும் போலிருக்கிறது.

டிசம்பர் 7, வியாழன்

மீனாவுக்கு நேற்று சாயங்காலத்திலிருந்தே மூச்சு முட்டல். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது, பாதியில் எடுத்துவிட்டார்கள். அதனால் உடம்பில் நீர் நின்றுவிட்டது. பிந்தினால் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சீக்கிரமே கிளம்பினோம். கடும் பனி.

மாவூரணி விலக்குத் தாண்டி, கண்மாய்க் கரையில், இடப்பக்கம் ஏதோ உரசியது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நிலைக்கு வந்தது. கருவேல மரக் கிளை ரோட்டுக்குள் சாய்ந்து கிடக்கிறது. வெட்டச் சொல்லி யாரிடமாவது சொல்ல வேண்டும். மீனா முதுகில் ஒரு தடவை அடித்தாள். பிறகு அடிக்கவில்லை. நான் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் இடது கண்ணாடி உடைந்து தொங்குகிறது. முன் இண்டிகேட்டரும் போய்விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது மீனாவின் முகம் வெளுத்து, உதடு நீலமாக இருந்தது.

“என்னத்துல இடிச்சீங்க?” என்று கேட்டாள்.

“கிளை.”

“கிளைதானா?”

“வேற என்ன?”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பைபாஸ் வழியாக வந்தேன். சுற்றுதான். ஆனால் கண்மாய் ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது. ஏன் இந்த வழி என்று மீனா கேட்கவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மாவூரணி வெள்ளைச்சாமியை நேற்று விடியக்காலையில் கண்மாய்க் கரையில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். சொசைட்டிக்குப் பால் கொண்டு போன மனுஷன். பால் கேன் நசுங்கிக் கிடந்ததாம். நன்றாக விடிந்து ஸ்கூல் பஸ் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். தலையில் அடி. டவுன் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறதாம்.

மணல் லாரி என்கிறார்கள். அந்த ரோட்டில் லாரிகள் பேய் மாதிரித்தான் போகின்றன. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 9, சனி

யோசித்துப் பார்த்ததில், மீனாவுக்குப் பழைய வண்டிதான் சரி. சீட்டு மட்டமாக இருக்கிறது. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். பழுது வந்தால் நானே பார்த்துக்கொள்ளலாம், புது வண்டிக்கு ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரைச் செருகுகிறார்கள். விலை கூடிய வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் விடுவதும் பயம்தான். கொட்டகையிலிருந்து பழையதை எடுத்துக் காற்றடித்து, பிளக் துடைத்து ஸ்டார்ட் செய்தேன். நான்காவது உதையில் எடுத்துக்கொண்டது. புதியதை உள்ளே தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன். தூசி பட்டால் பெயின்ட் போய்விடும்.

சேவியர் அந்தப் பக்கமாக வந்தவன், “புது வண்டிக்கு என்னண்ணே?” என்றான். ஸ்டாண்டு சரிந்து விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். “கொண்டாங்க, மாத்தித் தாரேன்” என்றான். அவசரமில்லை என்றேன்.

மீனா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 11, திங்கள்

பழைய வண்டியில் போனோம். பைபாஸ் வழி. மீனா தாடையைத் தோளில் வைத்துக்கொள்ளவில்லை. இடுப்பையும் பிடிக்கவில்லை, சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 14, வியாழன்

வராண்டாவில் மீனாவைக் காணவில்லை. ஊசி பிடுங்கியதும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது வழக்கம். தேடிப் போனால், விபத்து வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நான் சாப்பிடுவதற்கென்று கட்டி எடுத்து வந்த இட்லிப் பொட்டலம் அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது.

வழியில் நானாகக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். “அது வெள்ளைச்சாமி பொண்டாட்டி. பஞ்சவர்ணம். அவருக்கு இன்னும் நெனவு வரலையாம். எப்பவும் ரோட்டோரமா இடப்பக்கமாத்தான் நடந்து போவாராம். பனியில வெள்ளைத் துண்டு வேற போத்தியிருந்தாராம், வண்டிக்காரனுக்குத் தெரியணும்னு.”

லாரிக்காரன்கள் எதைப் பார்க்கிறான்கள் என்றேன்.



டிசம்பர் 18, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

இன்று காலை கிளம்பக் கொஞ்சம் பிந்திவிட்டது. மீனா கண்மாய் ரோட்டிலேயே போகச் சொன்னாள். பிடிவாதமாகச் சொன்னாள். சரியென்று போனேன். வழக்கமாக அது வருது இது வருது என்று சொல்லிக்கொண்டே வருகிறவள், இன்று வாயைத் திறக்கவில்லை. வளைவுக்கு முன்னால், “நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினேன். இறங்கி என் இடது பக்கமாக வந்து நின்றாள்.

“நமக்கு இடப்பக்கமா என்ன நிக்குது, சொல்லுங்க. தலையைத் திருப்பாமச் சொல்லுங்க.”

“இது என்ன விளையாட்டு? நேரமாகுது, ஏறு.”

“சொல்லுங்க.”

ஒன்றும் நிற்கவில்லை என்றேன். என் கையைப் பிடித்து நீட்ட வைத்தாள். விரலில் சூடாக, ஈரமாக ஏதோ பட்டது. மாட்டு மூக்கு. திரும்பிப் பார்த்தேன். ஒரு மந்தையே ரோட்டோரம் நிற்கிறது. மேய்க்கிறவன் கம்பை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“பனி” என்றேன்.

“பனி இல்லீங்க. விடிஞ்சு போச்சு” என்றாள்.

பிறகு ஏறி உட்கார்ந்து, தாடையைத் தோளில் வைத்து, ஆஸ்பத்திரி வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இடப்பக்கம் சைக்கிள். இடப்பக்கம் குழி. இடப்பக்கம் ரெண்டு பொம்பளையாளு.

டிசம்பர் 21, வியாழன்

மீனா பாத்திமாவின் ஆட்டோவில் போனாள். காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. “எந்த வண்டியும் எடுக்க வேண்டாம். ரெண்டும் கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

நாள் முழுக்க வீட்டில் தனியாக இருந்தேன். மோட்டார் ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்துவிட்டது. மண்டி போட்டுத் தரையைத் தடவித் தடவிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

வெள்ளைச்சாமி நேற்று இறந்துவிட்டான்.

மாவூரணியிலிருந்து கொட்டுச் சத்தம் காற்றில் இங்கே வரை கேட்டது. மீனா எழவுக்குப் போய்வந்து, கொல்லையில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டார்களா என்றேன். யாரும் கேட்கவில்லையாம்.

டிசம்பர் 27, புதன்

மணல் லாரி டிரைவர் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். அன்று விடியக்காலை அந்த ரோட்டில் அவன் லாரி போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு கேஸ் உள்ளவனாம். ரிமாண்டு. இந்த மாதிரி ஆட்களை வெளியே விடவே கூடாது என்று டீக்கடையில் பேசினார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து மீனாவிடம் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிற மாதிரித்தான் சொன்னேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ஆளுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கா?”

“எனக்கென்ன தெரியும்?”

“நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். என் வாயால சொல்ல வைக்காதீங்க.”

நான் சத்தம் போட்டேன். கிளைதான் அது, பார்த்தியா நீ, உன் கண்ணால பார்த்தியா என்று கேட்டேன். நான் உள்ளே போனால் உன்னை யார் பார்ப்பார்கள், லிங்கம் வேலையை விட்டுவிட்டு ஓடி வர வேண்டுமா என்று கேட்டேன். கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான்.

“நீங்க ஸ்டேஷனுக்குப் போறவரைக்கும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் போறதில்ல” என்றாள். உலையில் அரிசியைப் போட்டாள்.

டிசம்பர் 28, வியாழன்

ஆட்டோ வந்து நின்றது. பாத்திமா இறங்கி வந்து கூப்பிட்டாள். உடம்பு சரியில்லை, திங்கட்கிழமை வருகிறேன் என்று மீனா சொல்லி அனுப்பிவிட்டாள். “உடம்பு சரியில்லன்னுதானேடி அங்க போறதே!” என்று பாத்திமா கத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும்.

டிசம்பர் 30, சனி

கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. முகமும் ஊதியிருக்கிறது. தண்ணீரை வாயில் வைத்துத் துப்பிவிடுகிறாள். லிங்கத்திடம் போனில் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். நானும் அப்படியே சொன்னேன்.

கெஞ்சிப் பார்த்தேன். காலைக்கூடப் பிடித்தேன்.

ஜனவரி 1, திங்கள்

இன்றும் போகவில்லை.

ஜனவரி 2, செவ்வாய்

காலையில் அவளால் படுக்கக்கூட முடியவில்லை. சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தபடி வாயால் மூச்சு வாங்கினாள். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். பாத்திமாவுக்குப் போன் செய்தேன். ஆட்டோ வந்துவிட்டது. தூக்கி ஏற்றப் போனால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

“நீங்க முதல்ல கிளம்புங்க” என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு. “நீங்க தெருமுனை தாண்டுறதைப் பாத்துட்டு ஏறுறேன்.”

கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தேன். புது வண்டியை வெளியே எடுத்தேன். ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். கனத்த வண்டி. தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று ஒருவர் கேட்டார். தெருமுனை தாண்டி மெயின் ரோட்டில் பாதி போனபோது ஆட்டோ என்னைக் கடந்து வேகமாகப் போனது. அவள் உள்ளே இருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. போனது இடப்பக்கமா வலப்பக்கமா என்றே தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது.

ஸ்டேஷனில் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. “மாவூரணி வெள்ளைச்சாமியை அடிச்சது இந்த வண்டிதான். ஓட்டுனது நான்” என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ஐயா, குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். வெளியே வந்து இடப்பக்கக் கைப்பிடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னார். வெள்ளைத் துண்டின் நூல் சிக்கியிருந்தது. நான் பார்த்ததே இல்லை அதை.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். “ஐயா, பேப்பர் இங்க இருக்கு” என்று ரைட்டர் என் கையை நகர்த்தி வைத்தார். மேஜையில் போட்டிருக்கிறேன்.

பாத்திமா போன் செய்து, உடனே மெஷினில் போட்டுவிட்டார்கள், மூச்சு முட்டல் தணிந்துவிட்டது என்றாள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

ஜனவரி 5, வெள்ளி

அன்றிரவே ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். வழக்கு நடக்கும். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். புது வண்டி ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. லாரி டிரைவரை விட இன்னும் கோர்ட் உத்தரவு வர வேண்டுமாம்.

மீனா வார்டில்தான் இருக்கிறாள். பேச்சு குறைவு. கீழே கண் பிரிவுக்குப் போனேன். அதே டாக்டரம்மா. இந்த முறை உண்மையைச் சொன்னேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, புள்ளி தெரிகிறபோதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. மெஷின் ஓடவில்லையா என்று கேட்டேன். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு ஐயா என்றாள் அந்தப் பெண். போன பார்வை திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றலாம் என்றாள்.

ஜனவரி 7, ஞாயிறு

லிங்கத்திடம் சொன்னேன்.

“நான் வாங்கிக் குடுத்த வண்டிலயாப்பா?” என்றான்.

“வண்டி நல்ல வண்டிதாண்டா. லைட்டும் நல்லாத்தான் அடிச்சுச்சு. எனக்குத்தான் தெரியல.”

அழுதான். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை. வரட்டுமா என்று கேட்டான். வழக்கு தேதி தெரிந்ததும் வா என்றேன்.

ஜனவரி 12, வெள்ளி

பழைய வண்டியைச் சேவியர் வந்து எடுத்துப் போனான். உதைத்து ஸ்டார்ட் செய்து ஏறிப் போய்விட்டான். லாரி டிரைவர் நேற்று வெளியே வந்துவிட்டதாகத் தகவல்.

ஜனவரி 21, ஞாயிறு

மீனாவுக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆட்டோவில்தான் போய் வருகிறாள். இன்று மத்தியானம், “மாவூரணி போவோம்” என்றாள். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்தது. மினி பஸ்ஸில் போனோம்.

பஞ்சவர்ணம் வாசலில் உட்கார்ந்து மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். மீனாவைப் பார்த்து எழுந்தாள், பின்னால் வந்த என்னைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். போலீஸ் அவளிடம் சொல்லியிருக்கிறது. ஊரே சொல்லியிருக்கும்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கண் தெரியாதது, தெரிந்தும் ஓட்டியது, நிற்காமல் போனது, மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். அந்த வார்த்தை அங்கே நின்றபோது வரவில்லை.

அவள் தவிட்டைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“விழுந்தப்ப அவுக கத்துனாகளா?”

“எனக்குக் கேக்கலம்மா” என்றேன். “தலையில ஹெல்மெட்டு இருந்துச்சு.” அது உண்மை. அன்று எனக்கு என்ஜின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

“கத்துனாக” என்று என் பின்னாலிருந்து மீனா சொன்னாள்.

நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணத்தைப் பார்த்தே சொன்னாள்.

“எனக்குக் கேட்டுச்சு. ஐயோ நில்லுங்கன்னு கத்துனாக. இவர் முதுகுல ஒரு தடவை அடிச்சேன். அன்னைக்கு எனக்கு மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சு. நின்னா கட்டில் போயிருமே, செத்துப் போயிருவோமேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. கையை எடுத்துட்டேன்.”

பஞ்சவர்ணத்தின் கை தவிட்டுக்குள் நின்றுவிட்டது.

“அப்ப தெரிஞ்சேதான் எனக்கு இட்லி கொண்டாந்து குடுத்தீகளா?”

“ஆமா” என்றாள் மீனா.

இத்தனை நாளில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று அவள் உட்கார்ந்தது என்னை ஸ்டேஷனுக்குப் போக வைப்பதற்காக மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். கையைக் கழுவினாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கறவை நேரம் ஆகியிருந்தது. மாட்டுக்கு முன்னால் தவிட்டை வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கறந்தாள். எங்களைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. கறந்த பாலைப் புதுக் கேனில் ஊற்றி மூடினாள். கேனைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி, சொசைட்டிக்குப் போகிற ரோட்டில் இறங்கி நடந்தாள்.

திறந்து கிடந்த அவள் வீட்டு வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.